போர்டிங்கில் விட்டு வந்த நாய்க்கு இருமலும் பேதியும்: 28ஆம் நாள் வரை கணக்கு வையுங்கள்

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். ராசு என்று ஒரு ராஜபாளையம் நாய் வளர்க்கிறோம். ஆண், வயது 4, எடை 26 கிலோ. கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்காக 8 நாள் மதுரையில் ஒரு போர்டிங்கில் விட்டிருந்தோம். கூட்டி வந்து 4 நாள் ஆகிறது. வந்த அன்றே பேதி. கொஞ்சம் கொஞ்சமாக, சளி மாதிரி, ஓரத்தில் ரத்தக் கோடு. மறுநாளில் இருந்து தொண்டையில் முள் சிக்கியது போல இருமி, கடைசியில் வெள்ளை நுரை கக்குகிறான். காதில் இரண்டு உண்ணி இருந்தது, பிடுங்கிப் போட்டேன். மாடிப்படிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். வளவில் ஒருமுறை சிறுநீர் விட்டுவிட்டான், இதுவரை அப்படிச் செய்ததே இல்லை. பிள்ளைகளுக்கு வாங்கிய இருமல் சிரப் அரை ஸ்பூன் கொடுத்தேன், கோழி ரசம் வைத்துக் கொடுத்தேன், குடிக்கவில்லை. கண்ணேறு என்கிறார் அப்பத்தா. அவருக்கு வயது 80, இது மனிதருக்குத் தொற்றுமா? வீட்டில் ஒரு பூனையும் உண்டு. தடுப்பூசி மாசியில் போட்டாயிற்று. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறோம், அப்போது மறுபடி விடலாமா?

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு,

ராசுவுக்கு வந்திருப்பது ஒரே நோய் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படிக்கும்போது மூன்று விஷயம் தெரிகிறது. ஒன்று, இடம் மாறிய பதற்றத்தில் கலங்கிப்போன பெருங்குடல். இரண்டு, கென்னல் காஃப் என்கிற போர்டிங் இருமல். மூன்றாவது இன்னும் வரவே இல்லை. அந்த இரண்டு உண்ணிகள் விட்டுப் போயிருக்கக்கூடிய காய்ச்சல். முதல் இரண்டும் உங்களைத் தூங்க விடாமல் செய்யும், ஆனால் பெரும்பாலும் தாமாக அடங்கிவிடும். எனக்குக் கவலை மூன்றாவதைப் பற்றித்தான்.

காலண்டரை எடுத்து, ராசுவைப் போர்டிங்கில் விட்ட தேதியில் 1 என்று எழுதுங்கள். அழைத்து வந்த நாள் 8. நீங்கள் கடிதம் எழுதிய நாள் 12. பதற்றப் பேதி போர்டிங்கில் இருக்கும்போதோ வந்த ஓரிரு நாளிலோ தொடங்கும். இருமல் தொற்றிய 2 முதல் 14 நாளுக்குள் வரும். உண்ணி கடித்து எர்லிக்கியா என்ற கிருமி உடம்பில் ஏறினால், காய்ச்சல் தெரிய 8 முதல் 20 நாள் ஆகும். கடைசி நாளில் கடித்திருந்தாலும் 28ஆம் நாள் வரை அதற்கு வாய்ப்பு இருக்கிறது. பபீசியா என்ற இன்னொரு உண்ணிக் கிருமி அதைவிடத் தள்ளியும் வரலாம். இருமலும் பேதியும் நின்றுவிட்ட நிம்மதியில் எல்லோரும் நாயைக் கவனிப்பதை விட்டுவிடும் வாரம் எதுவோ, அந்த வாரத்தில்தான் இது வரும். அப்போது போர்டிங் ஞாபகமே இருக்காது. "நன்றாகத்தான் இருந்தான், திடீரென்று சாப்பிடவில்லை" என்று டாக்டரிடம் சொல்வார்கள்.

முதலில் குடலைப் பார்ப்போம். சிறிது சிறிதாக, அடிக்கடி, முக்கி முக்கி, சளியோடும் ஒரு கோடு சிவப்பு ரத்தத்தோடும் போனால் அது பெருங்குடல் பேதி. பயம், தூக்கமின்மை, பழகாத சாப்பாடு மூன்றும் சேர்ந்தால் வரும். நாய் வாந்தி எடுக்காமல், தண்ணீர் குடித்துக்கொண்டு, எழுந்து நடமாடிக்கொண்டு இருந்தால் 3 முதல் 5 நாளில் சரியாகும். கறுப்பாகத் தார் போலப் போனாலோ, குடம் குடமாக நாற்றத்தோடு ரத்தமாகப் போனாலோ, கூடவே வாந்தி வந்தாலோ அது வேறு. அன்றைக்கே ஊசிக்குழாயில் நீர் ஏற்ற வேண்டிய நிலை.

கோழி ரசத்தை நிறுத்துங்கள். மனிதருக்கு அது மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர்க் கோழி ரசத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உண்ணிக் காய்ச்சலால் ரத்தம் குறையக்கூடும் என்று சந்தேகப்படும் நாய்க்கு இது நாமே சேர்க்கிற கூடுதல் சேதம். அவன் குடிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

தோல், எலும்பு, கொழுப்பு நீக்கிய கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். உப்பு, மஞ்சள், மிளகு எதுவும் வேண்டாம். சாதாரணப் பச்சரிசியைக் குழைய வடித்துக்கொள்ளுங்கள். கவுனி அரிசி வேண்டாம், அதன் தவிடு இப்போது குடலுக்குச் சுமை. 26 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வெந்த சோறு சுமார் 400 கிராம், வெந்த கோழி சுமார் 150 கிராம். முதல் நாள் இதில் பாதி போதும். எவ்வளவு கொடுத்தாலும் நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு வேளையும் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் மலம் கட்டும். பாலும் தயிரும் இந்த வாரம் வேண்டாம். மலம் உருவாக வந்ததும் பழைய சாப்பாட்டைக் கால் பங்கு, அரை, முக்கால் என்று மூன்று நான்கு நாளில் ஏற்றுங்கள். கோழிச் சோறு நோய்க்கால உணவுதான். சுண்ணாம்புச் சத்தும் மற்ற தாதுக்களும் அதில் போதாது, வாரக்கணக்கில் நீட்டாதீர்கள்.

தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஓஆர்எஸ் கரைத்து, வெறும் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் தனியாக வையுங்கள். விரும்பினால் குடிப்பான், வாயில் ஊற்றித் திணித்தால் இருமுகிற நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். பேதியை நிறுத்த மருந்துக்கடையில் மெட்ரோனிடசோலோ லோபரமைடோ வாங்கிக் கொடுக்காதீர்கள். முதலாவது இந்த வகைப் பேதிக்குப் பெரும்பாலும் தேவையில்லை, அளவு கூடினால் நாய் தள்ளாடும். இரண்டாவது, கிருமியால் வந்த பேதி என்றால் கிருமியை உள்ளேயே அடைத்து வைக்கும்.

இனி இருமல். நுரையைப் பார்த்து வாந்தி என்று நினைத்திருப்பீர்கள். வாந்தி என்றால் வயிறு குலுங்கி, சாப்பாடோ மஞ்சள் நீரோ வரும். இவனுடையது மூச்சுக்குழாய் அரிப்பால் வரும் வறட்டு இருமல்; கடைசியில் தொண்டைச் சளி நுரையாக வருகிறது. போர்டடெல்லா என்ற பாக்டீரியாவும் இரண்டு மூன்று வைரஸ்களும் தனியாகவோ கூட்டாகவோ இதைக் கொண்டுவரும். மாசியில் தடுப்பூசி போட்டும் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வருஷாந்தரக் கூட்டுத் தடுப்பூசியில் வைரஸ் பங்குக்குத்தான் பாதுகாப்பு உண்டு. போர்டடெல்லாவுக்குத் தனியாகப் போட வேண்டும். பல நாய்கள் ஒரே கூரையின் கீழ் குரைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், சுத்தமாக வைத்திருந்தாலும் இது பரவும். ஆகவே போர்டிங்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் ஃபோன் செய்து சொல்லுங்கள். அங்கே இப்போது இருக்கிற நாய்களுக்கு உதவும்.

கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் போடுங்கள். பட்டை இழுக்கிற ஒவ்வொரு முறையும் இருமல் கிளம்பும். இரண்டு வாரத்துக்கு ஓட்டம் இல்லை, தெரு நாய்களோடு சேர்க்கை இல்லை. கிருமி இருமல் நின்ற பிறகும் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, விறகடுப்பு எந்தப் புகையும் அவன் படுக்கும் பக்கம் வரக்கூடாது. அப்பத்தா கண்ணேறு கழிக்கட்டும், தடுக்க மாட்டேன்; சுற்றிய மிளகாயை மட்டும் வாசலுக்கு வெளியே, காற்று வீட்டுக்குள் அடிக்காத பக்கமாக எரிக்கச் சொல்லுங்கள். மிளகாய்ப் புகை ஒரு மூச்சு போனால் ராசு அன்று இரவு முழுக்க இருமுவான். தூங்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்ததும் பத்து நிமிடம் அவனோடு உள்ளே உட்காரலாம்.

பிள்ளைகள் சிரப் பற்றி: அரை ஸ்பூன் ஒரே ஒரு முறை கொடுத்ததில், 26 கிலோ நாய்க்குப் பெரிய ஆபத்து வர வாய்ப்புக் குறைவு. அதோடு விட்டுவிடுங்கள். சளி, காய்ச்சல், இருமல் மூன்றுக்கும் சேர்த்த சிரப்புகளில் பாராசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் இருக்கும். புட்டியைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நாய்க்குக் காய்ச்சல் என்று இபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ கொடுத்தால் குடலில் புண் வந்து சிறுநீரகமும் கெடும். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை எடுக்கப் போதும்.

இருமல் ஒன்றில் இருந்து மூன்று வாரத்தில் ஓயும். நுரையீரலுக்கு இறங்குகிறதா என்று பார்க்க, அவன் ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குள் இருந்தால் நிம்மதி. 40ஐத் தாண்டினால், அல்லது மூக்கில் மஞ்சள் பச்சைச் சளி ஒழுகினால், அல்லது வறட்டு இருமல் கொழகொழவென்று மாறினால் எக்ஸ்ரே பார்க்க வேண்டும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை ராசுவுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலம் உள்ளே வைக்க வேண்டும். நாய்க்கு 100.4 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இயல்பு. மூக்கு ஈரமா காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

காலையும் மாலையும் எடுத்து அந்தக் காலண்டரிலேயே எழுதுங்கள், 28ஆம் நாள் வரை. 103 தாண்டினால் காத்திருக்க வேண்டாம்.

உண்ணிக்கு வருவோம். இரண்டு கண்ணில் பட்டது என்றால் படாதது இன்னும் இருக்கும். காது மடலின் உள்பக்கம், விரலிடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி, இதுவரை பட்டை இருந்த கழுத்து எல்லாவற்றையும் டார்ச் அடித்து விரலால் தடவிப் பாருங்கள். பிடுங்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நேராக நிதானமாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது, எண்ணெயில் ஊறவைப்பது எல்லாம் உண்ணியைத் தன் எச்சிலை உள்ளே கக்க வைக்கும். நோயை நாமே ஏற்றிவிட்டது போலாகும். நகத்தால் நசுக்காதீர்கள். ஸ்பிரிட் ஊற்றிய சின்னப் புட்டியில் போட்டு மூடுங்கள். நீங்கள் பிடுங்கி "போட்ட" அந்த இரண்டும் எங்கே விழுந்தன? ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணியாக இருந்தால், ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டை போடும்.

இங்கேதான் செட்டிநாட்டு வீடு உண்ணிக்கு வசதி. நாய் உண்ணி ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, பிறகு சுவரேறும். இருட்டான விரிசல் தேடும். முட்டைப் பூச்சுச் சுவரில் கண்ணாடி மாதிரி வழவழப்பு, அங்கே ஒளிய இடம் கிடைக்காது. ஆனால் தேக்கு நிலைக்கும் சுவருக்கும் நடுவே நூல் அளவு பிளவு, தூணின் அடிக்கல் இடுக்கு, பத்தாயத்தின் பின்புறம், மாட்டி வைத்த படங்களின் பின்பக்கம், ராசு இப்போது போய்ப் படுக்கிற மாடிப்படியின் அடிப்பலகை, இவை எல்லாம் அதற்கு வீடு. ஒன்றும் குடிக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். அந்த இடுக்குகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய பழுப்பு மணிகள் கொத்தாக இருந்தால் அவை முட்டை. சுரண்டி எடுத்துக் கொதிக்கும் வெந்நீரில் போட்டுவிட்டு, பிளவை மர மக்கு வைத்து அடைத்துவிடுங்கள். அதிகமாக இருந்தால் பூச்சி மருந்து அடிப்பவரை டெல்டாமெத்ரின் அடிக்கச் சொல்லலாம். காயும் வரை நாயும் பூனையும் பின்கட்டில் இருக்கட்டும். முட்டையை மருந்து கொல்லாது, பொரித்து வருபவைக்காக 3 வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். பெர்மெத்ரின் கலந்த எதுவும் பூனை இருக்கும் வீட்டில் வேண்டாம். ராசுவின் மேல் அதைத் தடவி, பூனை அவனை உரசிப் படுத்தாலே போதும், பூனைக்கு வலிப்பு வந்துவிடும்.

ராசுவுக்கு உண்ணி மாத்திரை கொடுக்கலாம். ஃப்ளுராலனர் 12 வாரம் தாங்கும், அபாக்ஸோலனர் ஒரு மாதம். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த வகை அவனுக்கு ஆகாது. வயிறு அடங்கிய பிறகு சாப்பாட்டோடு கொடுங்கள். கொடுக்கும் முன் எடை பாருங்கள்: 26 என்பது பழைய கணக்கு, போர்டிங்கில் ஒன்றிரண்டு கிலோ இறங்கியிருப்பான். அபாக்ஸோலனர் மாத்திரையில் 25 கிலோ வரை ஒரு அளவு, அதற்கு மேல் வேறு அளவு. ராசு சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஒரு வசதி, ராஜபாளையத்தின் வெள்ளை முடிக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாகவே இருக்கும். தினம் ஒருமுறை மல்லாக்கப் படுக்கவைத்து அடிவயிற்றைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளி தெரிந்தால் விரலால் அழுத்துங்கள். வெளுத்து மறைந்தால் பூச்சிக்கடி. அழுத்தியும் மறையாவிட்டால் தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் பெரும்பாலும் குறைந்துவிட்டன என்று பொருள். ஈறையும் பாருங்கள்: அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும், ஈறே வெளிறிக் கிடந்தால் ஆபத்து. மூக்கில் ரத்தம், கழுத்திலும் முழங்கால் பின்புறமும் நெறி கட்டுதல், காப்பி நிறச் சிறுநீர் இவற்றில் எது வந்தாலும் அன்றே கிளம்புங்கள். காப்பி நிறச் சிறுநீரோடு கண் வெள்ளை மஞ்சளானால், இந்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலையும் பார்க்க வேண்டும். அது மனிதருக்கும் வரும், சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள்.

ஒன்றுமே வராவிட்டாலும் 20ஆம் நாளுக்கும் 28ஆம் நாளுக்கும் நடுவில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முழு ரத்த எண்ணிக்கை, தட்டணு, ரத்தப்பூச்சு (ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) மூன்றும். தட்டணு சுமார் 2 முதல் 5 லட்சம் வரை இயல்பு. மெஷின் 80,000 என்று காட்டினால் உடனே பதறாதீர்கள். ரத்தம் எடுக்கும்போது தட்டணுக்கள் கட்டிக்கொண்டால் மெஷின் குறைத்துத்தான் எண்ணும். ரத்தப்பூச்சில் கண்ணால் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் சொல்லும் கிட் பலவும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடுபவை. நோய் தொடங்கிய முதல் வாரங்களில் இல்லை என்று சொல்லிவிடும். எர்லிக்கியா என்று உறுதியானால் டாக்ஸிசைக்ளின், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் கணக்கில் 28 நாள் எழுதுவார்கள். இரண்டாம் நாளே நாய் எழுந்து சாப்பிடும், நான்காம் நாள் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கிருமி ஒளிந்துகொண்டு மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பிடிக்கும், அதற்குப் பிறகு மீட்பது கடினம். 28 என்றால் 28. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துத் தண்ணீர் குடிக்க வையுங்கள், பாலோடு வேண்டாம். பபீசியாவாக இருந்தால் இந்த மருந்து மட்டும் போதாது, மருந்தே வேறு.

படிக்கு அடியில் படுப்பதை இப்போது அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அடித்துப் போட்டது போலத் தூங்குவதும், குரைத்துக் குரைத்துக் குரல் கம்மியிருப்பதும் போர்டிங் போய் வந்த நாய்க்கு வழக்கம். இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள். சாப்பாட்டுச் சட்டியை நாலடி தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வேளை தவறாத சாப்பாடு, அதே ஆள் கூட்டிப்போகிற பத்து நிமிட நடை, அதே படுக்கும் இடம், இந்த மூன்றும் ஒரு வாரம் மாறாமல் நடந்தால் பெரும்பாலும் தெளிவான். கல்யாண வீட்டுக் கூட்டம் பார்க்க வந்தால் முகப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை வழுக்கும். பேதியில் கால் தளர்ந்த நாய் சறுக்கி விழுந்தால் அந்தப் பயமும் சேரும், நடமாடும் வழியில் கோணி விரியுங்கள்.

வளவில் சிறுநீர் விட்டதற்குத் திட்டாதீர்கள். ஒருமுறையோடு நின்றால் பதற்றம். அடிக்கடி சொட்டுச் சொட்டாக முக்கினால் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். வாடை இருந்தால் அதே இடத்தில் மறுபடி விடுவான். வினிகரும் எலுமிச்சையும் ஊற்றாதீர்கள், ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது, புளிப்பு பட்டால் மெருகு போய்விடும். பினாயிலும் வேண்டாம், பூனைக்கு ஆகாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆப்ப சோடாவைத் தூவிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தால் போதும்.

அப்பத்தாவுக்கு இருமல் தொற்றுவது மிக அரிது. புற்றுநோய்ச் சிகிச்சையோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் மட்டும், ராசு இருமும் வரை முகத்தருகே விடாதீர்கள்.

பழனி நடைக்கு என் யோசனை, மறுபடி போர்டிங் வேண்டாம். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் ராசு வீட்டிலேயே இருக்கட்டும். அந்த ஆள் மார்கழியில் இருந்தே தினம் ஒருவேளை சாப்பாடு வைத்து நடைக்குக் கூட்டிப்போகட்டும்; ஒரு இரவு நீங்கள் வெளியூர் போய் ஒத்திகையும் பாருங்கள். போர்டிங்தான் என்றால், இருமல் முற்றிலும் நின்று இரண்டு வாரம் கழித்துப் போர்டடெல்லா தடுப்பு மருந்து. ஊசி என்றால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு, மூக்கில் விடும் சொட்டு என்றால் ஒன்றே, போர்டிங்கில் விடுவதற்கு ஒரு வாரம் முன்பு. மாசித் தடுப்பூசி அப்போதும் ஒரு வருஷத்துக்குள்தான் இருக்கும். போய்ப் பார்க்கும்போது சுவர் விரிசலையும் கூண்டு மூலையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர்ச் சட்டி நாய்க்கு ஒன்றா பொதுவா, ராத்திரி ஆள் படுக்கிறாரா, உங்களிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்காத இடம் மற்ற நாய்களிடமும் கேட்டிருக்காது. சாப்பாட்டை வேளைக்கு ஒரு பொட்டலமாக நீங்களே கட்டிக் கொடுங்கள். துவைக்காத உங்கள் பழைய சேலை ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

பூனையைப் பற்றி ஒன்று. போர்டடெல்லா பூனைக்கும் வரும். சட்டிகளைத் தனித்தனியாக வைத்து, ராசுவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பூனையைத் தூக்குங்கள். தும்மலோடு சாப்பிடாமல் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால், பூனைக்குத்தான் முதலில் டாக்டர். பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரல் கெட்டுவிடும். நாயைப் போல அது தாங்காது.